பழைய வாகனத்தில் துரு: பட்டியா, தகடா, ஒயிலா, கறுப்புப் பூச்சா?

கதவடியில் பெயின்ட் கொப்புளித்திருக்கிறது. ஒரு கராஜில் பட்டி (பள்ளம் நிரப்பிச் சமன் செய்யும் களிம்பு) வைத்து பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார்கள். அடுத்த கராஜில் வெட்டித் தகடு ஒட்டாமல் முடியாது என்கிறார்கள். சேர்விஸ் ஸ்டேசனில் கேட்டால் அடியில் கறுப்பாக அண்டர்கோட் அடித்துவிடச் சொல்கிறார்கள். இலங்கை மலையகத்தில் அட்டனிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் வாசகர்கள் கேட்பது இதே கேள்விதான். வாகனத்தின் பெயர் மட்டும் மாறுகிறது: டொல்பின் வேன், கென்டர் லொறி, மாருதி, எப்போதாவது ஒரு மொரிஸ் மைனர்.

முன்பெல்லாம் இதற்கு "வித்துட்டு வேற எடுங்க" என்று பதில் சொல்லிவிடலாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதற்குள் விலை எங்கேயோ போய்விட்டது. ஓய்வெடுத்திருக்க வேண்டிய வண்டிகள் இன்னும் ஹயர் ஓடுகின்றன. இருப்பதைக் காப்பாற்றுவது என்று முடிவாகிவிட்டால், எந்த வழியில் என்பதுதான் மிச்சம்.

மேட்டில் துரு பிடிக்கும் விதம்

பனி கொட்டும் நாடுகளைப் போல இங்கே வீதியில் உப்புத் தூவுவதில்லை. கடல் காற்றும் இல்லை. ஆனாலும் மலையகத்து வண்டிகள் கீழிருந்து மேலாக அரித்துப்போகின்றன. காரணம் ஈரம் காயாமல் இருப்பது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 வீதத்தைத் தாண்டினாலே பூச்சில்லாத இரும்பில் துரு வேகமெடுக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அதற்குக் கீழே இறங்கும் நாட்கள் குறைவு. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. பகலில் நனைந்த வண்டி இரவு மூடுபனியில் நிற்கிறது. காலையில் கதவின் உட்புறத்தில் வியர்த்திருக்கும். அந்த வியர்வை வெளியே தெரியாது.

உப்பு அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. தோட்டத்துக்கு உரம் ஏற்றும் லொறியின் தட்டில் சிந்தும் அமோனியம் சல்பேற்றும் பொட்டாசியம் குளோரைட்டும் ஈரத்தோடு சேர்ந்தால் தகட்டை அரிக்கும். மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பும்போது கருவாடு ஏற்றி வரும் லொறிகளுக்கும் அதே கதிதான். ஜப்பானில் பனிப் பிரதேசங்களில் ஓடிவிட்டு வந்த ரீகண்டிசன் வண்டியென்றால், இங்கே பதிவு செய்யும் முன்பே அதன் அடித்தளத்தில் வீதி உப்பு வேலையைத் தொடங்கியிருக்கும். மேலே பளபளக்கும், கீழே படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எதை வைத்து முடிவெடுப்பது

விலை கேட்பதற்கு முன் நான்கு விடயங்களைப் பார்த்துவிடுங்கள்.

முதலாவது, துரு எந்த இடத்தில் இருக்கிறது. கதவுத் தோல், மட்கார்ட், பொனட் விளிம்பு போன்றவை தோற்றத்துக்கானவை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் கூடு, ஜக் வைக்கும் இடம், ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் பூட்டிய இடங்கள், சீற் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், ஸ்டியரிங் பொக்ஸ் பிடித்திருக்கும் பகுதி ஆகியவை உயிரோடு சம்பந்தப்பட்டவை. இந்த இரண்டு வகைக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

இரண்டாவது, எவ்வளவு ஆழம். பழுப்பாகத் தூள் மட்டும் வந்தால் மேல் துரு. செதில் செதிலாகக் கழன்றால் தகடு மெலிந்துவிட்டது. ஸ்குரூ டிரைவரால் அழுத்தும்போது உள்ளே போனால் அங்கே தகடே இல்லை. துருவின் கனஅளவு அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பெரிது. அதனால்தான் பெயின்ட் கொப்புளிக்கிறது. வெளியே ஐந்து சதக் காசளவு கொப்புளம் என்றால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கலாம். ஒரு சிறிய காந்தத்தையும் கொண்டுபோங்கள். தகட்டில் ஒட்டும் காந்தம் பட்டியில் ஒட்டாது.

மூன்றாவது, வேலை செய்யும் காலம். இதைக் கராஜ்காரர் சொல்ல மாட்டார், உங்களுக்கும் அவசரம் இருக்கும். ஆனால் மலையில் பாதி பெயின்ட் வேலை கெட்டுப்போவது இதனால்தான். அட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஓரளவு காய்ந்த காலம். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஒரு பக்கம் தென்மேற்குப் பருவமழையில் ஊறும்போது மறு பக்கத்தில் வெயில் காய்கிறது. அட்டன்காரர் ஜூலையில் பண்டாரவளைக் கராஜ் ஒன்றில் வேலையைக் கொடுப்பது வீண் அலைச்சல் அல்ல.

நான்காவது, வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள். இரண்டு வருடத்தில் விற்கப்போகிறவருக்கும் மகன் காலம் வரை ஓட்டப்போகிறவருக்கும் ஒரே விடை சரிவராது.

வழி 1: சுரண்டி, துருவை மாற்றி, பிரைமர் அடிப்பது

மேல் துருவுக்கு உரியது. கம்பிப் பிரஷ்ஷாலோ கிரைண்டராலோ சுரண்டி, மிஞ்சியதில் துரு மாற்றித் திரவம் பூசி, இரண்டு கலவை எபொக்சி பிரைமர் அடித்து, மேலே பெயின்ட். துரு மாற்றியில் இருப்பது பொஸ்போரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம். துருவோடு சேர்ந்து கறுப்பாகவோ சாம்பலாகவோ ஓர் இறுகிய படலமாகிவிடும். "அப்படின்னா தேயிலைச் சாயமே போதாதா, டானின்தானே?" என்று ஒரு தம்பி கேட்டார். தேயிலைச் சாயம் பட்டால் இரும்பு கறுக்கும், உண்மைதான். ஆனால் அந்தச் செறிவில் வண்டியைக் காக்கும் படலம் வராது. தேநீரைக் குடித்துவிட்டு, திரவத்தைக் கடையில் வாங்குங்கள்.

செலவு மிகக் குறைவு. வீட்டிலேயே செய்யலாம். மறைந்திருக்கும் செலவு நேரம். எபொக்சி குளிரில் இறுக மறுக்கும், நுவரெலியாவின் ஜனவரி இரவுகளில் அது ஈரமாகவே கிடக்கும். தகட்டின் வெப்பநிலை, பனி படியும் நிலையைவிட 3 பாகையாவது கூடுதலாக இருக்கவேண்டும் என்பது பெயின்ட் தொழிலில் பொது விதி. எளிதாகச் சொன்னால், தகட்டைத் தொட்டால் ஈரம் தெரியக்கூடாது. பத்து மணிக்குப் பிறகு தொடங்கி மூன்று மணிக்குள் முடியுங்கள். மாற்றித் திரவத்தின் அமிலம் மிஞ்சியிருந்தால் எபொக்சி பிடிக்காது, திரவம் வந்த டின்னில் சொல்லியிருக்கிறபடி கழுவி, நன்றாகக் காயவிட்டே பூசவேண்டும்.

சிங்க் பிரைமர் பற்றியும் கேட்கிறார்கள். அது பளிச்சென்று சுத்தமான இரும்பில்தான் வேலை செய்யும். துருவின் மேல் அடித்த சிங்க் பிரைமரும் சாதா சாம்பல் பெயின்ட்டும் ஒன்றுதான்.

வழி 2: பட்டியும் ஃபைபரும்

இதில் ஒளிக்க எதுவும் இல்லை: ஓட்டைக்கு மேல் பட்டி வைப்பது விற்பதற்கான வேலை. பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கத்தில் துரு வேலையைத் தொடர்கிறது, முன்பக்கம் வழவழப்பாக இருக்கிறது. மழைக்காலத்தில் பட்டியை நீர் ஊற்றித் தேய்த்து, காயும் முன் பெயின்ட் அடித்தால் அடுத்த வருடமே கொப்புளம் திரும்பிவரும். ஃபைபர் துணியும் ரெசினும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் துருப்பிடித்த விளிம்பில் அது ஒட்டிக்கொண்டிருக்காது.

இதுவே சரியான இடங்களும் உண்டு. லொறியின் மட்கார்ட், பம்பர் மூலை, கெபின் படி ஓரம் ஆகியவை அறுந்தாலும் ஆபத்தில்லாதவை. கைச்செலவுக்கு இறுக்கமான மாதத்தில் ஃபைபர் வைத்து இரண்டு சீசன் ஓட்டுவதில் தப்பில்லை. நல்ல தகட்டில் விழுந்த பள்ளத்தைச் சமன் செய்யவும் பட்டி அவசியம், அதற்காகத்தான் அது உண்டானது. கதவடிக் கூட்டிலும் ஜக் இடத்திலும் வைத்தால் மட்டும் வண்டியை அந்தக் கராஜில் விடாதீர்கள்.

வழி 3: வெட்டித் தகடு ஒட்டுவது

ஓட்டை விழுந்த இடத்துக்கும், பாரம் தாங்கும் பகுதிக்கும் இதுதான். துரு முடிந்து நல்ல இரும்பு தொடங்கும் இடம் வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் தகடு வளைத்து வெல்ட் செய்வது. பொடித் (வண்டியின் உடல்) தகடு பெரும்பாலும் 0.7 முதல் 1 மில்லிமீற்றர்தான். சாதாரண ராட் வெல்டிங் அதில் ஓட்டை போட்டுவிடும். மெல்லிய கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். கைப்பழக்கமுள்ள பாஸ் (வேலைக்காரர்) கேஸ் வெல்டிங்கிலும் அழகாகச் செய்வார், ஆனால் சூடு அதிகம் பரவித் தகடு நெளியும்.

மறைந்திருக்கும் செலவுகள் இதில்தான் அதிகம்.

வெட்டத் தொடங்கிய பின்தான் உண்மையான அளவு தெரியும். ஒரு கை அகலம் என்று பேசியது ஒரு முழமாகும். முதலிலேயே ஒரு தொகை பேசிக்கொண்டு, "வெட்டுனதும் கூப்புடுங்கண்ணே, பாத்துட்டு மிச்சத்தப் பேசுவோம்" என்று சொல்லிவிடுங்கள். திறந்து கிடக்கும் நிலையில் உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது அவரை அனுப்பச் சொல்லுங்கள்.

வெல்டிங் சூடு பின்பக்கத்துப் பெயின்ட்டை எரித்துவிடும். ஒட்டிய தகட்டின் உட்புறம் அன்றிலிருந்தே வெறும் இரும்பு. உள்ளே மெழுகோ ஒயிலோ போகாவிட்டால் புதுத் தகடு பழையதைவிட வேகமாகப் போகும். வெல்டிங் நன்றாக இருந்தும் இரண்டு வருடத்தில் அதே இடம் அரித்துப்போனது என்ற குறையைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் உள்ளே எதுவும் அடிக்கப்படாமல் இருக்கும்.

கூரைத் தகரம் வெட்டி ரிவெட் அடிக்கிற பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. இரண்டு தகடுக்கும் நடுவில் நீர் நின்று அடுத்த துருவுக்கு இடம் தயார் செய்கிறது. சிங்க் பூசிய தகட்டை வெல்ட் செய்தால் வரும் புகை வேலை செய்பவருக்குக் காய்ச்சலையே கொடுக்கும்.

இன்னும் ஒன்று: சேசிஸ் இலக்கம் பொறித்த இடத்தில் கத்தி வைக்க விடாதீர்கள். அந்த இடமே துருப்பிடித்திருந்தால், வேலைக்கு முன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பெயர் மாற்றும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

வழி 4: பகுதியையே மாற்றுவது

கதவு, பொனட், மட்கார்ட் என்றால் வெட்டி ஒட்டும் கூலியைவிட, கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய கதவு ஒன்றை வாங்கிப் பூட்டுவது பல வேளைகளில் மலிவு. டொல்பின் வேன் போல நிறைய ஓடிய வண்டிகளுக்குப் பாகம் கிடைக்கும். வாங்கும் கதவின் கீழ் விளிம்பையும் ரப்பர் பீடிங்குக்குப் பின்னாலும் பார்த்து வாங்கவேண்டும், துருக் கதவைக் கொடுத்துத் துருக் கதவை வாங்கி வந்தவர்கள் உண்டு. போக்குவரத்துச் செலவையும் நிறம் சேர்க்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தடுக்கும் வழிகள்: ஒயில், கறுப்புப் பூச்சு, மெழுகு

மேலே சொன்ன எதைச் செய்தாலும், மறுபடி வராமல் பார்ப்பது தனி வேலை. பணம் வீணாகும் இடமும் இதுதான்.

*ஒயில் அடிப்பது.* சேர்விஸ் ஸ்டேசனில் அடி கழுவியதும் ஒயில் ஸ்ப்ரே செய்வது நம் ஊர்களில் பழைய வழக்கம். நல்ல வழக்கம். ஒயில் இண்டு இடுக்கில் ஏறும், இருக்கும் துருவையும் ஊடுருவி நீரை விரட்டும், வெடித்துப் பிரியாது. தவறு எந்த ஒயில் என்பதில் இருக்கிறது. வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஒயிலில் எரிப்பிலிருந்து வந்த அமிலங்களும் உலோகத் தூளும் கலந்திருக்கும். ரப்பர் புஷ்களையும் அது ஊதவைக்கும். அதோடு, சொட்டுகிற ஒவ்வொரு துளியும் ஓடைக்குப் போகிறது. லயத்துக்குக் கீழே பீலித் தண்ணீர் பிடிக்கிறவர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள். காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் போய்ச் சேருவதும் அதுதான். புது ஒயிலோ, துருத் தடுப்புக்கென்று வரும் லனோலின் வகையோ வாங்கிக் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். சற்று விலை கூடுதல், ஆனால் வருடத்துக்கு ஒரு போத்தல் விடயம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது கெட்டுப்போய்த் தானே அமிலமாகும்.

ஒயிலின் குறை: கழுவிப் போய்விடும். வருடம் ஒரு முறை, மழை தொடங்கும் முன், திரும்ப அடிக்கவேண்டும். பிரேக் டிஸ்க், எக்ஸோஸ்ற் பக்கம் படக்கூடாது. ஒயில் அடித்த கூட்டுக்குப் பக்கத்தில் வெல்டிங் செய்தால் தீப்பிடிக்கும். ஆகவே வெட்டும் வேலை முதலில், ஒயில் கடைசியில்.

*கறுப்பு அண்டர்கோட்.* புதுத் தகட்டிலோ நன்றாகச் சுத்தம் செய்து பிரைமர் அடித்த தகட்டிலோ அடித்தால் நல்லது. குறிப்பாகத் தோட்டத்துக் கல் ரோட்டில் ஓடும் வண்டியின் மட்கார்ட் உட்புறத்தில் கல் தெறித்துப் பெயின்ட் போகாமல் காக்கும், அங்கே ஒயில் ஒரு வாரம் கூட நிற்காது. பழைய வண்டியின் துருவுக்கு மேல் அடித்தால் நிலைமை தலைகீழ். காலப்போக்கில் அது காய்ந்து வெடிக்கிறது, வெடிப்பில் நீர் புகுகிறது, புகுந்த நீர் வெளியே வர வழியில்லை. மழைக்கோட்டுக்குள் நனைந்த சட்டையோடு நிற்பது போலத்தான். கறுப்பைச் சுரண்டாமல் நிலைமையும் தெரியாது. விற்பனைக்கு நிற்கும் பழைய வண்டியின் அடி புத்தம்புதுக் கறுப்பில் மினுமினுத்தால், ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுங்கள்.

*உள்கூட்டு மெழுகு.* நீண்ட குழாய் வைத்துக் கதவடிக் கூட்டுக்குள் செலுத்தும் மெழுகுத் திரவம். சுத்தமான, வெல்டிங் முடிந்த உட்புறத்துக்கு இதைவிட நல்லது இல்லை. சில வருடங்கள் நிற்கும், சொட்டாது. ஏற்கெனவே செதில் விட்ட துருவை ஊடுருவும் திறன் ஒயிலைவிடக் குறைவு. சிறு ஊர்களில் கிடைப்பதும் சிரமம்.

பேட்டரியில் பூட்டும் துருத் தடுப்புக் கருவிகளும் விற்கிறார்கள். தொடர்ந்து நீரில் மூழ்கியிருக்கும் கப்பலுக்கு அந்த முறை பொருந்தும். காற்றில் நிற்கும் வண்டிக்கு மின்சாரம் ஓடப் பாதையே இல்லை.

ஒரே பார்வையில்

| வழி | எந்தத் துருவுக்கு | செலவு | மறைந்த செலவு | எப்போது வேண்டாம் |
|---|---|---|---|---|
| சுரண்டி பிரைமர் | மேல் துரு | மிகக் குறைவு | காய்ந்த நாளுக்குக் காத்திருப்பு | தகடு மெலிந்திருந்தால் |
| பட்டி, ஃபைபர் | தோற்றப் பகுதி | குறைவு | திரும்ப வரும் வேலை | பாரம் தாங்கும் எந்த இடத்திலும் |
| வெட்டித் தகடு | ஓட்டை | அதிகம் | வெட்டிய பின் கூடும் அளவு, உட்பூச்சு | உள்ளே எதுவும் பூச வழி இல்லாவிட்டால் |
| பாக மாற்றம் | கதவு, பொனட் | நடுத்தரம் | போக்குவரத்து, நிறம் | அரிய வண்டிக்கு |
| ஒயில் | தடுப்பு, லேசான துரு | குறைவு | ஒவ்வொரு வருடமும் | வெல்டிங்குக்கு முன் |
| கறுப்பு அண்டர்கோட் | சுத்தமான தகடு | நடுத்தரம் | அடியில் நடப்பது தெரியாது | துருவுக்கு மேல் |
| மெழுகு | உள்கூடு | நடுத்தரம் | கிடைப்பது | செதில் விட்ட இடத்தில் |

யாருக்கு எது

ஹயர் ஓடும் *டொல்பின் வேன்*: சேசிஸும் பொடியும் ஒன்றாகவே வெல்ட் ஆனது. அடிக்கூட்டில் ஓட்டை என்றால் தயங்காமல் வெட்டி ஒட்டுங்கள். கதவுகளை மாற்றுங்கள். பிறகு மெழுகு, அதன் பின் வருடா வருடம் ஒயில். தகுதிச் சான்றிதழ் எடுக்கும் மாதத்துக்கு முந்தைய காய்ந்த காலத்தில் செய்வது நல்லது, கடைசி வாரத்தில் கொண்டுபோனால் பட்டிதான் கிடைக்கும்.

*மரக்கறி, உர லொறி*: தனிச் சேசிஸ் கனமானது, அது ஒரு வருடத்தில் போகாது. தட்டும் கெபினும்தான் போகும். இங்கே ஃபைபருக்கும் இடம் உண்டு. உரம், கருவாடு ஏற்றிய அன்றைக்கே தட்டைக் கழுவுவது எந்தப் பூச்சையும்விடப் பெரிய வேலை.

*மொரிஸ் மைனர்*: பார்க்க உறுதி. ஆனால் தனிச் சேசிஸ் கிடையாது, கதவடிக் கூடும் அடிக் குறுக்குத் தகடும்தான் வண்டியைப் பிடித்திருக்கின்றன. அங்கே பட்டி வைத்திருந்தால், வண்டி நடுவில் தொய்ந்து கதவு மூட மறுக்கும். வெட்டும் முன் கதவுகளை மூடி, கீழே முட்டுக் கொடுத்துத்தான் வெட்டவேண்டும். இது தெரியாத கராஜில் கொடுக்கவேண்டாம்.

*பழைய லாண்ட் ரோவர்*: பொடித் தகடு அலுமினியம், துருப்பிடிக்காது என்று நிம்மதியாக இருப்பார்கள். சேசிஸும் முன் தடுப்புச் சுவரும் இரும்பு. இரண்டும் தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். அந்த இணைப்புகளுக்கு நடுவில் ரப்பரோ மெழுகோ வைத்து, சேசிஸுக்கு ஒயில் அடித்தால் போதும்.

*வீட்டுக் கார், இரண்டு வருடத்தில் விற்பது*: மேல் துருவைச் சுரண்டி பிரைமர் அடியுங்கள், வருடம் ஒயில் அடியுங்கள், பெரிய பெயின்ட் வேலையில் இறங்கவேண்டாம். போட்ட காசு விலையில் திரும்பாது.

காசில்லாமல் செய்யக்கூடியவை

கதவடியிலும் கூட்டிலும் நீர் வடியும் துளைகள் இருக்கும். சேறும் பைன் ஊசியும் அடைத்திருக்கும், மாதம் ஒரு முறை கம்பியால் குத்திவிடுங்கள். வின்ட்ஸ்கிரீனுக்குக் கீழே சேரும் இலைகளையும் எடுத்துவிடுங்கள். மிதியடிக்குக் கீழே நனைந்த கார்ப்பெட் இருந்தால் வெயிலில் போடுங்கள். வண்டியைக் காலையில் கழுவுங்கள், கழுவியதும் ஒரு சுற்று ஓட்டுங்கள். மாலையில் அடி கழுவி மூடுபனியில் விட்டால் கழுவிய நீரே காலை வரை நிற்கும். பிளாஸ்டிக் தறப்பாளால் இறுக்கி மூடவேண்டாம். காற்று ஓடும் தகரக் கொட்டகை போதும், தரை மண்ணாக இருந்தால் கல்லாவது பரப்புங்கள்.

சரிவில் நிறுத்துகிறவர்கள் இதையும் பாருங்கள். வடியும் துளைகள் வண்டி சமதரையில் நிற்கும் கணக்கில் போடப்பட்டவை. லயத்துக்கு முன்னால் மூக்கு மேட்டைப் பார்த்தபடி தினமும் நிறுத்தினால், கதவின் பின் மூலையிலும் கூட்டின் பின் முனையிலும் நீர் தேங்கும், துளை வேறொரு இடத்தில் காய்ந்து கிடக்கும். பின் மூலை மட்டும் அரித்த வண்டிகளைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான். ஒரு வாரம் மேட்டைப் பார்த்து, அடுத்த வாரம் பள்ளத்தைப் பார்த்து நிறுத்துங்கள். டயருக்குக் கல் வைக்க மறக்கவேண்டாம்.